மேற்படி மகள்

பிப்ரவரி 9

அக்கா,

நீ என் போனை எடுத்து ஒன்பது மாதம் ஆகிறது. எடுத்தாலும் உன் வீட்டில் நிம்மதியாகப் பேச முடியாது. அடுத்த அறையில் ஊசி விழுந்தால் அது கட்டிலுக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்கிற காது அப்பாவுக்கு. அதனால்தான் உன் ரத்தப் பரிசோதனைக் கூடத்து முகவரிக்கு எழுதுகிறேன். உறையின் மேல் 'சொந்த விஷயம்' என்று போட்டிருக்கிறேன். அதைப் பார்த்ததும் உன் கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு கதை கட்டியிருப்பார்கள். மன்னித்துவிடு.

நான் டி.வி.யில் வேலை பார்க்கிறேன் என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். அப்பாவிடம் 'செய்திப் பிரிவு' என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, சண்டை போட்டுக்கொண்ட குடும்பங்களை மேடையில் உட்கார வைத்து நியாயம் கேட்கிறார்களே, அந்த நிகழ்ச்சியில் இருக்கிறேன். வாரத்துக்கு இருநூறு கடிதம் வரும். நான்தான் பிரித்துப் படிப்பேன். மேஜையில் மூன்று பிளாஸ்டிக் தட்டு. ஒன்றில் அழுகை, ஒன்றில் அடிதடி, ஒன்றில் ஆகாதது. படித்து, பிரித்து, போட வேண்டும். ஆறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

போன செவ்வாய்க்கிழமை ஓர் உறையை எடுத்ததும் கை நின்றுவிட்டது. ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிற கை நம் வீட்டில் ஒன்றுதான்.

அப்படியே எழுதுகிறேன். "நான் முப்பத்தோரு வருடம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் குறிப்பெடுத்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகிவிட்டார். மூத்த மகள் வீட்டில் இருக்கிறேன். மேற்படி மகள் எனக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறாள். உப்பில்லாத சோறு போடுகிறாள். என் கட்டிலை அறையிலிருந்து எடுத்து வழியில் போட்டுவிட்டாள். பெற்றவர்கள் கண்ணில் ஈரம் காயாத வரைக்கும் பிள்ளைகள் வீட்டில் வெளிச்சம் நிற்காது. தாங்கள் நியாயம் வழங்க வேண்டும்."

இந்தக் கடிதத்தை நான் எந்தத் தட்டிலும் போடவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டேன். உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்.

குட்டி

*

பிப்ரவரி 15

குட்டிக்கு,

உன் லெட்டரை சாம்பிள் வைக்கிற ரூம்ல நின்னுக்கிட்டே படிச்சேன். அடுத்த ஆளுக்கு நரம்பு கிடைக்கவே இல்லை. மூணு தடவை குத்தினேன் அந்த மனுஷனை.

என்ன நடக்குதுன்னு கேக்குறியா? காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறேன். ஆறரைக்கு வெறும் வயித்தோட ஜனம் வரிசையில நிக்கும். பதினோரு மணிக்குள்ள எழுபது கை. வீட்டுக்கு வந்தா துணி, சமையல், பாப்பாவோட பரீட்சை, அப்பாவோட மாத்திரை. இதுதான் நடக்குது. அம்மா போனப்ப, "ஆறு மாசம் நீ வச்சிக்கோ, ஆறு மாசம் நான் வச்சிக்கிறேன்"னு சொன்னது யாரு? அந்த ஆறு மாசம் ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. உன் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. தெரியும். என் வீட்டுல மட்டும் என்ன, அரண்மனையா இருக்கு?

மேற்படி மகள் சொல்றா, எழுதிக்கோ. தனித் தட்டு அவரே கேட்டு வாங்கினது. "பெரிய தட்டைத் தூக்கினா கை நோகுது, விளிம்பு வச்ச தட்டு வாங்கு"ன்னார். உப்பைக் குறைச்சது டாக்டர், நான் இல்லை. கட்டில். செப்டம்பர்ல பாத்ரூம் போற வழியில வழுக்கி விழுந்து நெத்தியில நாலு தையல். உனக்குச் சொல்லலை, சொன்னா மட்டும் வந்திருப்பியா? உள் ரூம்ல இருந்து பாத்ரூமுக்குப் பத்தொன்பது அடி. ஹால்ல இருந்து ஆறு அடி. எண்ணிச் சொன்னதே அவர்தான். "ஹாலுக்கே மாத்திடும்மா"ன்னு சொன்னதும் அவர்தான்.

எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. போன வருஷம் வரைக்கும் அப்பாவுக்குக் கோபம் வந்தா கத்துவார். தெருவுக்கே கேக்கும். கத்தி முடிச்சதும் டீ கேப்பார். குடுத்தா சரியாயிடும். இப்போ கத்துறதே இல்லை. பேச்சைப் பாதியில நிறுத்துறார், கண்ணை மூடுறார், தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுத் துண்டை எடுத்து முகத்துல வைக்கிறார். டீ குடுத்தா "வேண்டாம்மா, நீ நல்லா இரு"ங்கிறார். நல்லா இருங்கிறதை ஒரு மனுஷன் இப்படிக் கெட்ட வார்த்தை மாதிரி சொல்ல முடியுமா? இதை யார்கிட்ட கத்துக்கிட்டார்? எங்க வீட்டுல சண்டை எப்பவும் இருந்துச்சு, நாடகம் இல்லை. நாடகம் ஏழு மணிக்கு வந்துச்சு.

அந்த லெட்டரைக் கிழிச்சுப் போடு.

அக்கா

*

பிப்ரவரி 24

அக்கா,

நாலு தையல் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருப்பேனா என்று கேட்டிருக்கிறாய். நானும் இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்திருப்பேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய்.

யார்கிட்ட கத்துக்கிட்டார் என்று கேட்டாயே. "பெற்றவர்கள் கண்ணில் ஈரம் காயாத வரைக்கும்" என்று ஒரு வரி எழுதியிருந்தார் இல்லையா, அது நான் எழுதியது. நிகழ்ச்சி நடத்துகிற அம்மாவை நாங்கள் முதுகுக்குப் பின்னால் 'ஜட்ஜம்மா' என்போம். அவருக்கு அவ்வப்போது இந்த மாதிரி வரிகளை அட்டையில் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. அந்த வரியை ஒரு மதியம், ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டே இரண்டு நிமிஷத்தில் எழுதினேன். நல்ல கைதட்டல் வந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். அப்பா தன் கட்டம் கட்டமான எழுத்தில், ஒரு எழுத்துக்கூட மாறாமல் எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஆனால் எல்லாப் பழியையும் என் தலையில் கட்டாதே. நாங்கள் யார் வீட்டுக்கும் போய் 'சண்டை போடுங்கள்' என்று சொல்வதில்லை. மூட்டை மூட்டையாகக் கடிதம் வருகிறது. நான் சேர்ந்த புதிதில் எப்படி எழுதுவார்கள் தெரியுமா? "என் மகன் என் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்து தருவதாக எடுத்துப் போனான், நாலு மாதமாகத் தரவில்லை, கேட்கவும் கூச்சமாக இருக்கிறது" என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். எனக்கு அந்தக் கடிதம் ரொம்பப் பிடித்திருந்தது. தயாரிப்பாளர் படித்துவிட்டு, "கண்ணாடிக்கு யாருப்பா அழுவாங்க?" என்று கேட்டார். ஆகாத தட்டில் போட்டேன். அழுகிறவர்களை மட்டும் மேடைக்கு எடுத்தோம். அதைப் பார்த்தவர்கள் அழுகையாகவே எழுத ஆரம்பித்தார்கள். இப்போது கண்ணாடியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கண்ணாடிகள் என்ன, தானாகவே சரியாகிவிட்டனவா? எது நாங்கள் சொல்லிக் கொடுத்தது, எது அவர்களுக்குள் முன்பே இருந்தது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. பிரிப்பதுதான் என் வேலை என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இனி சொல்லப் போவதை உட்கார்ந்து படி. பதில் வராததால் அப்பா இரண்டாவது கடிதம் போட்டிருக்கிறார். பதிவுத் தபால், தயாரிப்பாளர் பெயருக்கே. உன் வேலையையும் எழுதியிருக்கிறார். தயாரிப்பாளர் கூட்டத்தில் வாசித்துக் காட்டிவிட்டு, "ஊரார் ரத்தத்தையெல்லாம் எடுத்துச் சோதிக்கிறவ, சொந்த ரத்தத்தை ஒதுக்கிட்டா! தலைப்பு தானா வந்து விழுதே" என்று மேஜையைத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் என் அப்பா என்று அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானும் சிரித்தேனா என்று கேட்காதே.

வீட்டுக்கு ஆள் வருவார்கள்.

குட்டி

*

மார்ச் 8

குட்டிக்கு,

வந்தாங்க. ரெண்டு பொண்ணுங்க, ஒரு கேமராக்காரன். ரொம்ப மரியாதை. செருப்பை வெளியவே கழட்டிட்டு வந்தாங்க. "அக்கா, அக்கா"ன்னு கூப்பிட்டாங்க. அந்த வார்த்தையே கசந்துபோச்சு எனக்கு.

அப்பாவுக்கு மூணு சட்டை இஸ்திரி போட்டு மாட்டி வச்சிருந்தேன். உள்ளே போனவர் காலர் கிழிஞ்ச பழைய சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தார். பெயின்ட் அடிக்கிறப்ப துடைக்க வச்சிருந்த சட்டை அது. பழைய துணிக் குவியல்ல தேடி எடுத்திருக்கார். "என்னப்பா இது?"ன்னேன். "இதுதாம்மா எனக்கு இருக்கு"ன்னார், கேமராவைப் பார்த்து. எனக்குக் கோபம் வரலை. அவர் சொன்னப்ப குரல் நிஜமாவே தழுதழுத்துச்சு. பொய்யைத்தான் சொல்றார், ஆனா அழுகை நிஜம். இதை எங்க கொண்டுபோய்ச் சொல்றது?

அவங்க போனப்புறம் பக்கத்துல உட்கார்ந்து கேட்டேன். "அப்பா, உங்களுக்கு என்னதான் வேணும்? சொல்லுங்க, செய்யறேன்."

"உன்கிட்ட சொன்னா நீ கேக்க மாட்டே."

"கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேப்பே. துணி மடிச்சுக்கிட்டே கேப்பே. அங்க சொன்னா எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக் கேப்பாங்க."

அப்போகூட என் மடியில பாப்பாவோட யூனிஃபார்ம்தான் இருந்துச்சு.

அவர், அதாவது உன் அத்தான், "போய் நம்ம பக்கத்தைச் சொல்லிட்டு வந்துடு, மடியில கனமில்லை, வழியில என்ன பயம்"ங்கிறார். நான் மாட்டேன்னுதான் சொன்னேன். அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தி வாசல்ல நின்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போயிட்டா. நான் வரலைன்னா மேடையில என் பேரை எழுதிக் காலி நாற்காலி போட்டுக் காட்டுவாங்களாம். மாடிவீட்டு அம்மா அதுக்குள்ள வந்து, "டி.வி.ல வர்றீங்களாமே, சொல்லவே இல்லை"ங்கிறா. வாழ்த்துறாளா, துக்கம் விசாரிக்கிறாளா, அவளுக்கே தெரியலை.

மெல்லவும் முடியலை, முழுங்கவும் முடியலை. போறேன். பதினெட்டாம் தேதி. உன் ஆபீஸ்தானே, நீ என்ன செய்யப் போறே?

அக்கா

*

மார்ச் 13

அக்கா,

நேரமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன். காலையில் வரச் சொல்வார்கள், சாயங்காலம்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். சோர்ந்து போனவர்கள்தான் சீக்கிரம் உடைவார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். சாப்பாடு கட்டிக்கொண்டு வா, அப்பாவுக்கும் சேர்த்து. உள்ளே குளிரும், அவருக்கு ஒரு ஸ்வெட்டர். உன்னை மங்கலான நிறத்தில் உடுத்திக்கொள்ளச் சொல்வார்கள். கேட்காதே. ஜட்ஜம்மா கேள்வி கேட்டுவிட்டு உடனே கூட்டத்தைப் பார்ப்பார். அவர் திரும்புவதற்குள் பதில் சொல்லிவிடு.

தயாரிப்பாளரிடம் சொல்லிவிட்டேன், அவர் என் அப்பா, நீ என் அக்கா என்று. நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! நீயும் மேடைக்கு வந்து உட்காரு" என்றார். முடியாது என்றேன். "அப்படின்னா கேள்வி அட்டையாவது ஒழுங்கா எழுது, உனக்குத்தான் வீட்டு விஷயம் தெரியும்" என்றார்.

எழுதுகிறேன். நான் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள். 'கட்டிலை ஏன் ஹாலுக்கு மாற்றினீர்கள்?' என்பது முதல் அட்டை. அப்பா விழுந்ததையும் தையலையும் ஆறு அடியையும் நீ சொல்லலாம். ஒவ்வொரு கேள்வியையும் உன் வாயில் பதில் இருப்பதாகப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். இவ்வளவுதான் என்னால் முடிந்தது.

குட்டி

*

மார்ச் 21

குட்டிக்கு,

மேடைக்கு எதிர்ல இருந்த கண்ணாடிச் சுவருக்குப் பின்னாடி நீ நின்னதைப் பார்த்தேன். லைட்டுல முகம் தெரியலை. பேனாவைப் பல்லால கடிக்கிற பழக்கம் இன்னும் போகலை உனக்கு. அப்பா பார்க்கலை. பார்க்க வேண்டாம்னு அவருக்கு இந்தப் பக்கம் நான் மறைச்சு நின்னேன். ஏன் அப்படிச் செஞ்சேன்னு எனக்கே தெரியலை.

கட்டிலைப் பத்திக் கேட்டாங்க. சொன்னேன், எல்லாத்தையும் சொன்னேன். சொல்லும்போது பின்னாடி இருந்து "உச்" கொட்டுறாங்க. எனக்காகக் கொட்டுறாங்கன்னு நினைச்சேன். திரும்பிப் பார்த்தா எல்லாரும் அப்பாவைப் பார்த்துக் கொட்டுறாங்க. அவர் துண்டை முகத்துல வச்சிருந்தார்.

அப்புறம் முன் வரிசையில ஒரு ஆள் எழுந்தான். மைக்கை வாங்கி, "இப்படி ஒரு பொண்ணு எனக்குப் பிறந்திருந்தா, பிறந்த அன்னைக்கே"ன்னு என்னவோ ஆரம்பிச்சான். ஜனம் கைதட்டுச்சு. நான் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அங்க தரையில வெள்ளை டேப்பால ஒரு சிலுவைக் குறி போட்டிருந்தாங்க. அதுக்கு மேலதான் என்னை நிக்க வச்சிருந்தாங்க.

அடுத்தது உனக்குத் தெரியும். ஆனா நீ தூரத்துல இருந்தே, நான் பக்கத்துல இருந்தேன். அதனால எழுதுறேன். அப்பா துண்டைத் தூக்கிக் கீழே போட்டார். எழுந்தார். பழைய குரல், குட்டி. தெருவுக்கே கேக்குமே, அந்தக் குரல்.

"யோவ், உட்காருய்யா! யாருய்யா நீ? என் மகளைப் பேச உனக்கு என்ன இருக்கு? நான் மண்டை உடைஞ்சு கிடந்தப்போ தூக்கினது அவ. நீயா வந்து தூக்கினே?"

ஜட்ஜம்மா, "ஐயா, நீங்கதானே எழுதினீங்க?"ன்னாங்க.

"எழுதினேன். நான் அவளைத் திட்டலாம். நீங்க திட்டக் கூடாது."

அவ்வளவுதான். அப்புறம் என்னென்னவோ சமாதானம் பேசினாங்க, பூச்செண்டு குடுத்தாங்க. பஸ்ல திரும்பி வந்தோம். அவருக்கு ஜன்னல் சீட்டு. கட்டிக்கிட்டுப் போன சாப்பாட்டை அப்பத்தான் பிரிச்சோம். உப்பே இல்லைன்னு கத்தினார். முன் சீட்டுக்காரங்க திரும்பிப் பார்த்தாங்க. எனக்கு என்ன சந்தோஷம்னு உனக்கு எழுத்துல சொல்ல முடியாது.

அது வரட்டும் டி.வி.ல. மாடிவீட்டு அம்மா பார்க்கட்டும், லேப்ல எல்லாரும் பார்க்கட்டும். உன் மேல இருக்கிற கோபத்துல பாதி குறைஞ்சிருக்கு. மீதி இருக்கு.

அக்கா

*

ஏப்ரல் 30

அக்கா,

நிகழ்ச்சி வந்து பதிமூன்று நாள் ஆகிறது. நீ எழுதவில்லை. எழுத மாட்டாய் என்று தெரியும்.

உன் கடிதம் வந்த மறுநாளே வெட்டிவிட்டார்கள். உனக்கு முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். "அது வரட்டும்" என்று நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, எழுதக் கை வரவில்லை. எடிட்டிங் அறையில் நானும் இருந்தேன். அப்பா எழுந்து கத்தும் இடம் வந்ததும் தயாரிப்பாளர் நிறுத்தச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, அக்கா. அவருக்கும் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு அம்மா இருக்கிறார். ரொம்ப நிதானமாகத்தான் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இவர் எழுந்து கத்தினா இவர் மேல இருக்கிற பரிதாபம் போயிடும். யாருக்காக அழறதுன்னு பார்க்கிறவங்க குழம்பிடுவாங்க. குழம்பினா சேனலை மாத்திடுவாங்க." நான் சண்டை போட்டேன். கால் மணி நேரம் போட்டேன். அந்தக் கால் மணி நேரத்தைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. கட்டில் கேள்வி இருந்தது, உன் பதில் போய்விட்டது. கேள்விக்கு அடுத்து நீ தரையைப் பார்ப்பதை ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை எழுதியவள் நான்.

ஊரெல்லாம் பார்த்தார்கள். இந்த வருஷத்தில் அதிகம் பேர் பார்த்தது அதுதானாம். கேக் வெட்டினார்கள். நான் சாப்பிடவில்லை.

இன்னொன்று. அதற்குப் பிறகு வந்த தபாலைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். பதினோரு கடிதத்தில், பதினோரு வேறு வேறு ஊர்களிலிருந்து, 'என் கட்டிலை ஹாலுக்கு மாற்றிவிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். இத்தனை நாளும் அந்தக் கட்டில்கள் ஹாலில்தான் கிடந்தனவா, அதில் ஒரு வலி இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்ததா, இல்லை நாங்கள்தான் அந்த வலியை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ப் போட்டோமா? நான் ஆறு வருஷம் இந்த மேஜையில் உட்கார்ந்திருந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதினோரு வீட்டிலும் உன்னைப் போல ஒருத்தி இருப்பாள் என்பது மட்டும் தெரியும். அவள் வீட்டிலும் பாத்ரூமுக்கு எத்தனை அடி என்று யாராவது எண்ணியிருப்பார்கள்.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசை. விடவில்லை. ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு எதற்கும் தெம்பில்லை.

இத்துடன் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். வெட்டிப்போட்ட பகுதி, ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி. எடுத்தது தெரிந்தால் என்னை உள்ளே விட மாட்டார்கள். பரவாயில்லை.

குட்டி

*

மே 19

குட்டிக்கு,

எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். ரெண்டு மூணு விஷயம் நடந்துடுச்சு, யார்கிட்டயாவது சொல்லணும். சொல்ல உன்னை விட்டா ஆள் இல்லைங்கிறது என் தலையெழுத்து.

டி.வி.ல வந்த அடுத்த வாரம், லேப்ல ஒரு அம்மா சட்டைக் கையை மடிச்சு நீட்டினவ என் முகத்தைப் பார்த்துட்டு இழுத்துக்கிட்டா. "வேற ஆள் இல்லையா?"ன்னா. "ஏம்மா?"ன்னேன். "பெத்தவனைத் தெருவுல போட்ட கை எனக்கு வேண்டாம்." வரிசையில எல்லாருக்கும் கேட்டுச்சு. இருபது வருஷத்துல வலிக்குதுன்னு திட்டியிருக்காங்க, ரத்தத்தைப் பார்த்து மயங்கி என் மேலயே விழுந்திருக்காங்க. இப்படி யாரும் சொன்னதில்லை. சூப்பர்வைசர் என்னைப் பத்து நாள் பின் ரூம்ல லேபிள் ஒட்டப் போட்டார். "ஊர் வாயை மூட உலைமூடி ஏதும்மா, கொஞ்ச நாள் போகட்டும்"னார். கொஞ்ச நாள் போச்சு. இப்போ திரும்பவும் வரிசைக்கு வந்துட்டேன். ஜனம் என்னை மறந்துட்டாங்க. அதுக்குள்ள வேற யாரையோ திட்ட ஆரம்பிச்சிருப்பாங்க.

அது போகட்டும். வீட்டுல நடந்ததுதான் எனக்குத் தாங்கலை. அப்பா அந்த நிகழ்ச்சியை மூணு தடவை பார்த்தார். பாப்பா போன்லயும் போட்டுப் பார்த்தார். ஒரு நாள் மாடிவீட்டு அம்மா வந்திருந்தப்ப நான் சொன்னேன், "இவர் எழுந்து எனக்காகக் கத்தினார், அதைக் காட்டலை"ன்னு. அப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் எங்கம்மா கத்தினேன்? அழுதுக்கிட்டுத்தானே இருந்தேன்"ங்கிறார். விளையாட்டுக்குச் சொல்லலை. நிஜமாவே அவருக்கு ஞாபகம் இல்லை. டி.வி.ல எது வந்துச்சோ அதுதான் ஞாபகம் இருக்கு. அந்த அம்மா என்னைப் பாவமாப் பார்த்துட்டுப் போனா. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பஸ்ல கத்தினாரே, உப்பில்லைன்னு, அதாவது நடந்துச்சா இல்லையான்னு.

உன் பென் டிரைவ் வந்தப்புறமும் ரெண்டு வாரம் டப்பாவுலயே வச்சிருந்தேன். போட்டுப் பார்த்து, அதுலயும் கத்தலைன்னா?

போன வியாழக்கிழமை ஏழு மணிக்கு அப்பா பார்த்துக்கிட்டு இருந்தார். நான் தட்டு எடுக்கப் போனேன். மேடையில ஒரு பொண்ணு நின்னுக்கிட்டு இருந்துச்சு. சின்ன வயசு, தரையைப் பார்த்துக்கிட்டு. மாமியாரைக் கவனிக்கலையாம். மாமியார் அழறாங்க. நான் நின்னுக்கிட்டே பார்த்தேன். பார்த்துக்கிட்டே இருந்தவ, "எப்படி நிக்கிறா பாரு, கல்லு மாதிரி, மனசாட்சி இருக்கா இதுக்கெல்லாம்"னு சொல்லிட்டேன்.

நான்தான் சொன்னேன், குட்டி. அப்பா சொல்லலை. அந்த வெள்ளை டேப்பு மேல நின்னு ரெண்டு மாசம்தான் ஆச்சு எனக்கு. வாய் தானா சொல்லிடுச்சு. அந்தப் பொண்ணு என்ன சொன்னா, அதுல எதை வெட்டினாங்கன்னு ஒரு நிமிஷம் தோணலை எனக்கு. நீ கேட்டிருந்தியே, நீங்க சொல்லிக் குடுத்ததா, எங்களுக்குள்ள இருந்ததான்னு. அன்னைக்கு எனக்குள்ள இருந்து வந்ததைப் பார்த்தப்புறம் உன் மேல கோபப்பட எனக்குத் தெம்பு இல்லை.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். டி.வி.யை அணைச்சார். ஏழேகால்தான் ஆச்சு, அவர் அணைச்சு நான் பார்த்ததே இல்லை.

அப்பத்தான் போய் பென் டிரைவை எடுத்துட்டு வந்து போட்டேன். பாத்திரத்தை அப்படியே விட்டுட்டுப் பக்கத்துல உட்கார்ந்தேன். அவர் எழுந்து, துண்டைப் போட்டு, "யோவ் உட்காருய்யா"ன்னு கத்துறார். ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி. முடிஞ்சுது.

"இதைப் போட்டிருந்தா யாரு பார்த்திருப்பா?"ன்னார்.

அப்புறம், "இது எப்படிக் கிடைச்சுது?"ன்னு கேட்டார். இனிமே எதை மறைக்கிறது? சொல்லிட்டேன். சின்னவ செய்தியில இல்லை, அங்கதான் இருக்கா, வர்ற லெட்டரையெல்லாம் பிரிச்சுப் படிக்கிறது அவதான்னு.

"என் லெட்டரையுமா?"

"உங்க லெட்டரை முதல்ல படிச்சதே அவதான்."

கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். கோபப்படுவார், இல்லைன்னா துண்டை எடுப்பார்னு பார்த்தேன். "எழுத்துப் பிழை ஏதாவது இருந்துச்சாமா?"ன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிக்கிறேனா அழறேனான்னு தெரியாம உட்கார்ந்திருந்தேன். அவர் சிரிக்கலை. திரையையே பார்த்துக்கிட்டு இருந்தார், அது கறுப்பா இருந்துச்சு.

நீ லீவுலதானே இருக்கே. வா. வந்து எதையும் விளக்க வேண்டாம், மன்னிப்பும் கேக்க வேண்டாம், எனக்கு அதையெல்லாம் கேக்குற சக்தி இல்லை. சும்மா வந்து நாலு நாள் தூங்கு. உள் ரூம் காலியாத்தான் இருக்கு.

சொல்ல விட்டுப்போச்சே. எழுந்து போகலாம்னு நான் ரிமோட்டை எடுத்தப்ப அப்பா கையைப் பிடிச்சார்.

"இன்னொரு தடவை போடு"ன்னார்.

போட்டேன்.

அக்கா